யாரைச் சேர்ப்பது?



பொங்கோலில் எங்கள் புளோக்கிற்கு அருகேயுள்ள காப்பிக் கடையில், தேசியக் காற்பந்துக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பணி நாள்தோறும் நடைபெறுகிறது. 2025 நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில், முற்பாதியில் ஒரு கோல் பின்தங்கியிருந்த சிங்கப்பூர், ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் புகுத்திய கோல்களால் 2-1 என வென்று 2027 ஆசியக் கிண்ணத்திற்குத் தகுதி பெற்றது. 1984இல் நாம் அப்போட்டியில் ஆடியது, ஏற்று நடத்திய நாடு என்ற முறையில். களத்தில் வென்று தகுதி பெற்றது இதுவே முதன்முறை. அன்று மூண்ட விவாதம் இன்னும் ஓயவில்லை. மாலையில் தே தாரிக் அருந்தச் செல்லும் நானும் அதில் அகப்பட்டுக்கொள்கிறேன்.

வெளிநாட்டில் பிறந்து இங்குக் குடியுரிமை பெற்றவர்களை இன்னும் சேர்க்க வேண்டும் என்பது ஒரு சாரார் கட்சி. மண்ணின் மைந்தர்களே ஆட வேண்டும் என்பது மற்றொரு சாரார் கட்சி. இதில் எனக்குக் குழப்பமில்லை. போஸ்னியாவில் பிறந்த அலெக்சாண்டர் டூரிச், 2007இல் தம் 37ஆம் வயதில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார். அவ்வாண்டே தஜிகிஸ்தானுக்கு எதிரான தம் முதல் ஆட்டத்தில் இரண்டு கோல்களையும் அவரே அடித்தார். அத்தகையவரை அந்நியர் என்று ஒதுக்க என் மனம் ஒப்பாது.

மூன்றாவது கட்சியினர் நம்மவர்கள். "குழுவில் நம் இனத்தவர் எத்தனை பேர், ஆசிரியரே?" என்று என்னையே மடக்குவார்கள். உடனே பழம்பெருமை தொடங்கிவிடும். எஸ். ராஜகோபாலின் வளைந்து செல்லும் 'பனானா கிக்', 1993இல் புருணைக்கு எதிராக வி. சுந்தரமூர்த்தி அந்தரத்தில் சுழன்று அடித்த கோல், 1998 டைகர் கிண்ண இறுதியாட்டத்தில் வியட்னாமை ஹனோயிலேயே வீழ்த்திய ஆர். சசிகுமாரின் கோல் என வரிசையாக வரும். சசிகுமார் பெயர் வந்ததும் ஒரு பெரியவர் தம் தோளைத் தட்டிக் காட்டுவார். பந்து தோளில் பட்டுத்தான் உள்ளே சென்றது. எத்தனை முறை கேட்டாலும் இது எனக்குச் சலிக்கவில்லை.

ஆயினும் இனக் கணக்குப் பார்த்து ஆள் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். ஏனெனில் நம் பிள்ளைகளைக் குழுவிலிருந்து நீக்குபவர் பயிற்றுநர் அல்லர். அது பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே முடிந்துவிடுகிறது. முடித்துவைப்பவர்கள் பெற்றோரும், என்னைப் போன்றவர்களும்.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்நிலை இரண்டில் என்னிடம் ஒரு மாணவன் படித்தான். அவன் பள்ளியில் தமிழ் இல்லாததால், பள்ளி முடிந்தபின் பேருந்தேறி எங்கள் வகுப்புக்கு வருவான். அவனுடைய இணைப்பாட நடவடிக்கை காற்பந்து. செவ்வாய்தோறும் பயிற்சியும் தமிழும் ஒரே நேரத்தில் வந்தன. மூன்று செவ்வாய்க்கிழமைகள் அவனைக் காணவில்லை. நான் தந்தையைத் தொலைபேசியில் அழைத்து, "தமிழில் பின்தங்கிவிடுவான்" என்றேன். அடுத்த வாரமே அவன் காற்பந்தை விட்டுவிட்டான். அதன்பின் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை. தேர்வில் நல்ல தரமும் பெற்றான். அந்தத் தரத்தைக் காட்டி நான் பாராட்டும் பெற்றேன். அவன் இடக்கால் ஆட்டக்காரன் என்பதை ஆண்டிறுதியில் அவன் எழுதிய கட்டுரையில்தான் அறிந்தேன். கட்டுரையில் பிழைகள் மிகக் குறைவு.

2010 உலகக் கிண்ணத்தை எட்டுவதற்காக 1998இல் 'கோல் 2010' திட்டம் வந்தது; எட்டவில்லை. 2034ஐ நோக்கி 2021இல் 'அன்லீஷ் த ரோர்' திட்டம் வந்தது. திட்டங்கள் தேவைதாம். ஆனால் ஒரு பிள்ளையின் செவ்வாய்க்கிழமைப் பிற்பகலை யாருக்குக் கொடுப்பது என்பதை வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் முடிவு செய்கிறார்கள். அங்கே காற்பந்துக்காக வாதாட யாரும் இருப்பதில்லை. காப்பிக் கடையில் ராஜகோபாலுக்காக உருகுகிறவர்களும், மகன் பந்தை எடுத்தால் துணைப்பாட வகுப்பை நினைவூட்டுகிறார்கள்.

தமிழை விட்டுக்கொடுக்க நான் சொல்லவில்லை; அது என் தொழில் மட்டுமன்று. இரண்டும் மோதும் நாளில் வளைந்து கொடுக்க வேண்டியவன் பதினான்கு வயதுப் பிள்ளையாக ஏன் இருக்க வேண்டும்? நேரத்தை மாற்றுவது பெரியவர்களாகிய எங்களுக்கு எளிது. இவ்வாண்டு என் வகுப்பில் ஒரு மாணவிக்கு அதே சிக்கல் வந்துள்ளது. விடுபடும் பாடத்தை அவளுக்குச் சனிக்கிழமை காலையில் நடத்துகிறேன். இதை அவள் தந்தையிடம் சொன்னபோது, அவர் சற்றுத் தயங்கி, "அவள் அவ்வளவு நன்றாக ஆடுகிறாளா?" என்று கேட்டார். அவர் ஒருமுறையும் சென்று பார்த்ததில்லை. நானும்தான். அடுத்த ஆட்டத்திற்கு இருவரும் போவதாகச் சொல்லியிருக்கிறோம்.