இணைய வானொலிகளுக்கான இசை உரிமத் தொகையை முறைப்படுத்தக் கோரும் மனு

பெறுநர்: செயலாளர், தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை, புது தில்லி
வழி: மாவட்ட ஆட்சியர், தருமபுரி
மனுதாரர்: தருமபுரி மாவட்டத்தில் இணைய வானொலி நடத்துவோரின் சங்கம்
பொருள்: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 31டி-யை இணைய வானொலிக்கும் விரிவுபடுத்துதல் தொடர்பாக

ஒரு திரைப்பாடலில் மூன்று உரிமைகள் அடங்கியிருக்கின்றன. வரிகள் பாடலாசிரியருக்கும் மெட்டு இசையமைப்பாளருக்கும் உரியவை. ஒலிப்பதிவு பெரும்பாலும் ஆடியோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. திரைப்படத்துக்காக எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பு அளித்தது. அதை மனுதாரர் சங்கம் முழுமனதுடன் ஏற்கிறது. தொகையை யாரிடம், எந்தக் கணக்கில் கட்டுவது என்பதற்கு இணைய வானொலிக்குச் சட்டத்தில் வழி இல்லாததே இந்த மனுவுக்குக் காரணம்.

பண்பலை நிலையங்களுக்கு அந்த வழி இருக்கிறது. ஒலிப்பதிவு உரிமைக்கு நிகர விளம்பர வருவாயில் 2 சதவீதம் கட்டினால் போதும் என்று பதிப்புரிமை வாரியம் 2010 ஆகஸ்ட் 25-இல் தீர்ப்பளித்தது. 2012-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 31டி இன்னும் ஒரு படி மேலே சென்றது. முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயிக்கப்பட்ட ராயல்டியைச் செலுத்தும் ஒலிபரப்பு நிறுவனம், உரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே வெளியான பாடலை ஒலிபரப்பலாம். படைப்பாளர், முதன்மைக் கலைஞர் பெயர்களை அறிவிக்க வேண்டும். கணக்குப் பதிவேடு வைக்க வேண்டும்.

இந்தப் பிரிவு இணையத்துக்கும் பொருந்தும் என்று 2016 செப்டம்பர் 5-இல் தங்கள் துறையே அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. ஆனால் டிப்ஸ் நிறுவனம் விங்க் மியூசிக் மீது தொடுத்த வழக்கில், 2019 ஏப்ரலில் மும்பை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிரிவு வானொலி, தொலைக்காட்சி இரண்டை மட்டுமே பேசுகிறது, குறிப்பாணை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றது. 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதிசெய்தது. வழக்கு, கேட்பவர் விரும்பிய பாடலைத் தேர்ந்தெடுக்கவும் பதிவிறக்கவும் உதவிய பெரும் செயலி பற்றியது. வரிசையாகப் பாடல் ஓட்டும் சிறு வானொலியும் அதே தீர்ப்பின் கீழ் வந்துவிட்டது. இணைய ஒலிபரப்பாளர்களையும் 31டி-யில் சேர்க்க வேண்டும் என்று வணிகத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 ஜூலையில் தன் 161-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

பென்னாகரம், அரூர், பாலக்கோடு பகுதிகளிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் ஊர்ப் பேச்சையும் தெருக்கூத்தையும் கைப்பேசியில் கேட்கிறார்கள். அதை வழங்கும் நிலையம் என்பது பெரும்பாலும் ஓர் அறை, ஒரு கணினி, ஒரு மைக், மாத வாடகைக்கு எடுத்த சர்வர். விளம்பரம் என்றால் ஜவுளிக்கடையும் விதைக்கடையும்தான். இந்த வருவாயை வைத்துக்கொண்டு சென்னை, மும்பையிலுள்ள ஒவ்வொரு ஆடியோ நிறுவனத்துடனும் தனித்தனியாகப் பேரம் பேச முடியாது. பேசினாலும் விலைக்கு உச்சவரம்பு இல்லை.

விகிதம் நிர்ணயித்தால் மட்டும் போதாது, எப்படி நிர்ணயிப்பது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 2021-இல் சந்தா இல்லாத வணிக நிலையம், ஒருவர் ஒரு பாடலைக் கேட்பதற்கு 0.0021 டாலர் கட்ட வேண்டியிருந்தது. எண் சிறிது, கணக்கு சிறிதல்ல. மணிக்கு 12 பாடல் வீதம் 30 பேர் நாள் முழுவதும் கேட்டால் 8,640 கேட்பு, 18 டாலருக்கு மேல். மாதம் சுமார் 544 டாலர். அதே அளவு கேட்போருள்ள இலாப நோக்கற்ற நிலையத்துக்கு ஆண்டுக்கே 1,000 டாலர்தான். அங்கே சிறு வணிக நிலையங்கள் வருவாயில் ஒரு பங்கைக் கட்டும் சலுகை 2015 முடிவில் காலாவதியானது. ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களைத் தாங்கிய லைவ்365 தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. மறு ஆண்டு வேறு நிர்வாகத்தில் அது மீண்டது என்றாலும், இங்கே அந்தச் சோதனை தேவையில்லை.

பழைய பாடல்களிலும் குழப்பம் உண்டு. ‘நாடோடி மன்னன்’ (1958) படத்துக்குப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையமைத்த பாடலைப் பார்க்கலாம். ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு என்பதால் அந்த உரிமை 2018-உடன் முடிந்தது. கவிஞர் 1959-இல் மறைந்ததால் வரிகளின் உரிமை 2019-உடன் முடிந்தது. இசையமைப்பாளர் மறைந்தது 1979-இல். மெட்டின் உரிமை 2039 வரை நிற்கிறது. ஒரே பாடலில் மூன்று கெடு! இதைச் சரிபார்க்கப் பொதுவான பட்டியல் எதுவும் சிறு நிலையத்தாருக்குக் கைக்கெட்டுவதில்லை.

ஆகவே, பிரிவு 31டி-யில் இணைய வானொலி என்ற சொல்லைச் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும். கேட்பவர் பாடலைத் தேர்ந்தெடுக்கும் செயலிகளை அதில் கலக்காமல் தனியே வரையறுக்க வேண்டும். சிறு நிலையங்களுக்குக் கேட்பு எண்ணிக்கையை விட்டு, வருவாயில் ஒரு சதவீதமும் ஒரு குறைந்தபட்ச ஆண்டுத் தொகையும் கொண்ட தனி விகிதம் வேண்டும். மூன்று உரிமைகளுக்கும் ஒரே இடத்தில் பணம் கட்டும் வசதியும் வேண்டும். பெயர் அறிவிப்பு, பதிவேடு ஆகிய கடமைகளை நிலையங்கள் ஏற்கும். காலம் கடந்த ஒலிப்பதிவுகளின் பட்டியலைப் பதிப்புரிமை அலுவலகம் தமிழிலும் வெளியிட வேண்டும். பதிப்புரிமை மாவட்ட நிர்வாகத்தின் அதிகாரத்தில் இல்லாததால், மாவட்ட ஆட்சியர் இம்மனுவைத் தம் பரிந்துரையுடன் புது தில்லிக்கு அனுப்பி, அனுப்பிய விவரத்தை மனுதாரர் சங்கத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.