‘போய்ச் சாவு’ என்பது வெறும் வார்த்தையா?

காலை நடையில் கூட வருகிற நண்பர் கேட்டார்: “வாயால் சொன்னதற்கெல்லாம் ஜெயிலா சார்? அப்படிப் பார்த்தால் மதுரையில் பாதிப் பேர் உள்ளேதான் இருக்கணும்!”

சிரித்துவிட்டேன். பாதி நியாயம் அவர் பக்கம். தற்கொலைக்குத் தூண்டினால் பத்தாண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் 306-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 108. ஆனால் சண்டையில் ஆத்திரப்பட்டு ‘போய்ச் சாவு’ என்பது மட்டும் தூண்டுதல் ஆகாது என்று 2002-இல் ஒரு மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரிதான். கோபத்தில் யார்தான் பேசவில்லை?

நான் கேட்பது வேறு. தினமும் அதையே தொழிலாகச் சொல்கிறவனை என்ன செய்வது? கந்துவட்டி வசூலிக்க வருகிறவன் வாசலில் நின்று, தெருவே கேட்க, ‘மானம் இருந்தால் இந்நேரம் செத்திருப்பாய்’ என்கிறான். மறுநாளும் வருகிறான். இது கோபமா? கணக்குப் போட்டுப் பேசுகிற பேச்சு.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ‘அர்செல்மான்’ என்றொரு சொல் உண்டு; விடாமல் வதைப்பது என்று பொருள். வாழ்க்கைத் துணையை இப்படி வதைத்து அது தற்கொலையில் முடிந்தால் பத்தாண்டு சிறை என்று 2020-இல் பிரான்ஸ் சட்டம் போட்டது. வட்டி விஷயத்தில் நாம் அவர்களுக்கு முன்பே விழித்தோம். தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டப்படி, கடன் வாங்கியவர் தொல்லைக்கு ஆளான கையோடு தற்கொலை செய்துகொண்டால், கடன் கொடுத்தவரே தூண்டியதாகக் கொள்ளப்படும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. வீட்டருகே சுற்றி மிரட்டுவதும் அந்தச் சட்டத்தில் தொல்லைதான்.

இருந்தும் என்ன? 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலிலேயே ஒரு குடும்பம் மாண்டது. கந்துவட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே பலமுறை மனு கொடுத்த குடும்பம். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: ‘தக்க நடவடிக்கைக்கு அனுப்பப்படுகிறது’ என்று எழுத அரை நிமிஷம் போதும். செத்தபின் 108 போடுவது பெரிதல்ல. ஆள் உயிரோடு நிற்கும்போதே வழக்குப் பதிய வேண்டும்.

நமக்கும் பங்கு உண்டு. தெரு கேட்கவேண்டும் என்றுதானே அவன் கத்துகிறான்? அப்படியானால் தெருதான் சாட்சி. அடுத்த முறை அந்தச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தாதீர்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வையுங்கள். ஒருநாள் அது ஒரு உயிரைக் காக்கும்.