தண்ணி ரொம்பக் குடிக்காத

மே மாதம் வந்தால் போதும், நம் ஆட்களுக்குப் பின்சீட் ஞாபகம் வந்துவிடும். அப்பாவின் பழைய கார், கூரைமேல் கயிறு போட்டுக் கட்டிய சூட்கேஸ், எவர்சில்வர் டப்பாவில் புளியோதரை, கேசட்டில் இளையராஜா, ஜன்னலோரத்துக்கு நடக்கும் சண்டை. கடைசியில், இந்தியாவை நாங்கள் புத்தகத்தில் படிக்கவில்லை, சாலையில் படித்தோம் என்று ஒரு வரி. கீழே இருநூறு இதயக்குறிகள்.

நானும் அந்தப் புளியோதரையைச் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இத்தனை கட்டுரைகளில் ஒரு குழந்தையாவது ஒண்ணுக்குப் போகிறதா? பத்து மணி நேரம் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாசா குடிக்கிறார்கள், இளநீர் குடிக்கிறார்கள், வழியெல்லாம் மோர் குடிக்கிறார்கள். இதெல்லாம் எங்கே போகிறது?

தப்பு, போகிறார்கள். ஆண்கள் போகிறார்கள். பனிமூட்டத்தில் வண்டியை ஓரங்கட்டி, மலைச்சரிவைப் பார்த்தபடி, அப்பாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போகிற காட்சி வரும். அது நகைச்சுவையாகவும் இருக்கும், கொஞ்சம் கவித்துவமாகவும் இருக்கும். அதே காரில் இருந்த அம்மாவும் அக்காவும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று எழுதியவருக்குத் தெரியாது. நான் சொல்றேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, காலை இறுக்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று மைல்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா வங்கி ஊழியர். எல்.எஃப்.சி. என்ற ஒன்று இருந்ததால்தான் எங்கள் குடும்பம் இந்தியாவைப் பார்த்தது. வங்கிக்காரர்களுக்கு அது, மத்திய அரசு ஊழியர்களுக்கு எல்.டி.சி. இந்த இரண்டு மூன்றெழுத்துகளும் இல்லாவிட்டால் நம் நடுத்தர வர்க்கத்துப் பயணக் கட்டுரைகளில் பாதி எழுதப்பட்டிருக்காது. (மீதிப் பாதி, நேர்த்திக்கடன்.) பயணத்துக்கு முந்தின ராத்திரி அப்பா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு தூரம் கூட்டுவார். அம்மா எங்கள் வயிற்றைக் கணக்குப் போடுவாள். எங்கள் என்றால் அவளுடையதும் என்னுடையதும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் பால் கிடையாது. காலையில் காபி கிடையாது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சட்னி வேண்டாம். "பாப்பா, தண்ணி ரொம்பக் குடிக்காத. வழியில எங்க போவ?" தம்பிக்கு இந்தச் சட்டம் ஒன்றும் இல்லை. அவனுக்கு மரம் இருந்தது, மதில் இருந்தது, ஓடுகிற வண்டியில் காலி பாட்டில் இருந்தது.

பயணம் குழந்தையின் உலகத்தை விரிக்கும் என்கிறார்கள். விரித்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பாடம் நடந்தது: உன் உடம்பு மற்றவர்களுக்குத் தொந்தரவு, அதை முடிந்த மட்டும் சின்னதாக்கிக்கொள். ஏழு வயதில் நான் அதைக் கற்றுக்கொண்டேன். என் தம்பி இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

2004-ல் சேலத்திலிருந்து ஷிர்டிக்கு மாருதி ஆம்னியில் போனோம். எனக்குப் பதினோரு வயது. கிருஷ்ணகிரியில் ஏறினால் பெங்களூர், தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, கோலாப்பூர் என்று நேரே புனே வரை ஒரே சாலை. தங்க நாற்கரச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் 5,846 கி.மீ. நீளச் சாலை அது. வழியெல்லாம் மாற்றுப்பாதைப் பலகைகள், புழுதி, வெட்டிப்போட்ட மரங்கள். அந்த மரங்களைப் பற்றிச் சுற்றுச்சூழல்காரர்கள் நியாயமாகவே வருத்தப்பட்டார்கள். நான் வேறு காரணத்துக்காக வருத்தப்பட்டேன். சாலையோரத்துப் புதர் போனால் பெண்களுக்குக் கழிப்பறை போச்சு.

சித்ரதுர்கா நெருங்கும்போது மலைமேல் வரிசையாகக் காற்றாலைகள் தெரியும். தம்பி எண்ணிக்கொண்டு வந்தான். என்னால் எண்ண முடியவில்லை. அடிவயிற்றில் கல் மாதிரி இருந்தது. "அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோ, டவுன் வந்துரும்" என்றார் அப்பா. அஞ்சு நிமிஷம் என்பது எங்கள் காரில் அரை மணி நேரம். கடைசியில் அம்மாதான், அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, "வண்டிய நிறுத்துங்க" என்றாள்.

சாலையை விட்டு இறங்கிய இடத்தில் நாலைந்து வீடுகள். ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் "அக்கா" என்றாள். தமிழிலும் கன்னடத்திலும் அந்தச் சொல் ஒன்றுதான், அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "பன்னி, பன்னி" என்று கூப்பிட்டார். கன்னடத்தில் 'வாங்க' என்று அர்த்தம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அந்த நிலைமையிலும், நம்மளத் திட்டுறாங்களே என்று நினைத்தேன்.

அவர் எங்களை வீட்டுக்குள் கூட்டிப்போகவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம், வேலியைத் தாண்டி, ஒரு கள்ளிப் புதர் மறைவுக்குக் கூட்டிப்போனார். அங்கே தேய்ந்த ஒற்றையடிப் பாதை இருந்தது. முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். முடிந்ததும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். காருக்குத் திரும்பும்போது அம்மா மெதுவாகச் சொன்னாள்: "அவங்க வீட்லயும் இல்ல பாப்பா."

ஒரு நாள் எனக்கு வந்த அவஸ்தை அவருக்கு விடியலுக்கு முன்னால் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை, தினமும். அந்தப் பாதை அப்படித் தேய்ந்தது. இந்தியாவைச் சாலையில் படித்தேன் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு நான் படித்தது இதுதான். எங்கள் ஆல்பத்தில் சித்ரதுர்கா என்று எழுதிய பக்கத்தில் காற்றாலைப் படம்தான் இருக்கிறது.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் எனக்கு எரிச்சல், குளிர்க்காய்ச்சல். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "பொண்ணு தண்ணியே குடிக்கிறதில்லையா?" பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் நாலு செ.மீ. நீளம்தான், ஆண்களுடையது அதைப்போல நாலைந்து மடங்கு. கிருமி ஏறிப்போக ரொம்ப தூரம் இல்லை. தண்ணீர் குடிக்காமலும் அடக்கியும் வைத்தால் அது இன்னும் சுலபம். இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற உடற்கூறுதான். ஆனால் பயணத் திட்டத்தில் காரின் ரேடியேட்டருக்கு இருந்த கவனிப்பு இதற்கு இருந்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் காசி, கயா, அலகாபாத் போனபோது பெரியம்மா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். நாள் தள்ளிப்போடும் மாத்திரை, நாரெத்திஸ்டிரோன். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த மாத்திரை தெரியும், யாரும் பேசுவதில்லை. ரத்தம் உறையும் சிக்கல் உண்டா, ஒற்றைத் தலைவலி உண்டா என்று மருத்துவர் விசாரித்துத் தர வேண்டியதை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, ஒரு வேன் நிறைய உறவினர் சேர்ந்து முடிவெடுத்து, ஒரு பிள்ளைக்குக் கொடுத்தார்கள். கங்கை தீட்டாகிவிடும் என்பது ஒரு காரணம். வேனில் மாற்றிக்கொள்ள இடமில்லை என்பது இன்னொன்று, அதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். கங்கை எத்தனையோ பார்த்தாச்சு.

ரயில் எவ்வளவோ மேல். ஆட்டமும் நாற்றமும் இருந்தாலும் ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு வந்த கதை வேடிக்கையானது. இந்தியாவில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 1853-ல். கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததற்குக் காரணமாகச் சொல்லப்படுவது 1909-ல் ஒக்கில் சந்திர சென் என்பவர் எழுதிய புகார்க் கடிதம். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பிப்போய், அகமத்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒதுங்கியிருக்கிறார். அதற்குள் கார்டு விசில் ஊத, ஒரு கையில் சொம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி விழுந்துவிட்டார். அந்தக் கடிதத்தை டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அதன் ஆங்கிலத்தைப் பகிர்ந்து நூறு வருஷமாகச் சிரிக்கிறோம். அதில் பெண்களும் வருகிறார்கள், இவர் விழுந்ததைப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்தவர்களாக. அதே ரயிலில் வந்த பெண்கள் எங்கே ஒதுங்கினார்கள்? அவர்கள் கடிதம் எழுதவில்லை. 56 வருஷம் தண்ணீர் குடிக்காமல் வந்திருப்பார்கள்.

இப்போ எல்லாம் மாறிடுச்சுங்க என்பார்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது. 2014-ல் தூய்மை இந்தியா வந்தது, 2019 அக்டோபர் 2-ஆம் தேதி திறந்தவெளிக் கழிப்பிடம் இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். 2021-ல் நெடுஞ்சாலை ஆணையம், 30 முதல் 50 கி.மீ.க்கு ஒன்றாக 600-க்கும் மேற்பட்ட இடங்களில் வழியோர வசதி மையங்கள் கட்டப்போவதாகச் சொன்னது. நல்லது. ஆனால் கட்டடம் இருப்பதும் கழிப்பறை இருப்பதும் ஒன்றில்லை. கதவு இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, கைப்பையை மாட்ட ஒரு ஆணி உண்டா, நாப்கினைப் போட ஒரு கூடை உண்டா, ராத்திரி பத்து மணிக்கு அங்கே விளக்கு எரியுமா? சாவி யாரோ ஒரு ஆளின் பாக்கெட்டில் இருக்கும், எட்டு ஆம்பளைகள் நடுவே போய் அவரிடம் சாவி கேட்க வேண்டும். முக்கால்வாசிப் பெண் குழந்தைகள் "வேணாம்மா, அடக்கிக்கிறேன்" என்று சொல்வது அந்த இடத்தில்தான்.

காசு விஷயம் தனி. மும்பையில் 2011-ல் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து ஒரு இயக்கமே தொடங்கின. பொதுக் கழிப்பிடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்களிடம் மட்டும் காசு வாங்குகிறார்கள் என்பதற்காக. இரண்டு ரூபாயா பெரிசு என்று கேட்டவர்கள் உண்டு. காய்கறி விற்கிற பெண் ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த இரண்டு ரூபாயைக் கொடுக்க வேண்டும். நெடுஞ்சாலையிலோ சுங்கம் கட்டிவிட்டுத்தான் போகிறோம். 2021-லிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம், வண்டி நிற்பதற்குள் பணம் போய்விடுகிறது. ஏப்ரல் 1 வந்தால் கட்டணம் ஏறுகிறது. அவ்வளவு வேகமாகப் பணம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு தாழ்ப்பாளைச் சரிசெய்யத் தெரியாது என்று நம்பச் சொல்கிறீர்களா?

ஆனால் இந்தக் கட்டுரை அரசாங்கத்தைத் திட்டுவதற்கு மட்டும் இல்லை. அது சுலபம். வீட்டில் திட்டம் போடுகிறவரையும், எழுதுகிறவரையும்தான் எனக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் 700 கி.மீ. ஓட்டினேன் என்று பெருமையாகச் சொல்கிறவரிடம், பின்சீட்டில் யார் இருந்தார்கள், எத்தனை தடவை நிறுத்தினீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நிறுத்தாததுதான் சாதனை. இலக்கியத்தில் இதெல்லாம் எதுக்கு, பயணம் என்றால் வியப்பு, தரிசனம், நிலக்காட்சி என்று ஒரு நண்பர் சொன்னார். நிரம்பிய மூத்திரப்பையோடு நிலக்காட்சி பார்க்க முடியாது நண்பரே. ஹம்பியின் கல்ரதத்தையும் ஃபதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாஸாவையும் நான் பாதிப் பாதியாகத்தான் பார்த்திருக்கிறேன். வெயிலில் வழிகாட்டி அக்பர் கதை சொல்லிக்கொண்டிருக்க, என் கண் அம்புக்குறி போட்ட பலகையைத் தேடிக்கொண்டிருந்தது. அதை எழுதினால் அது தரிசனம் ஆகாதா?

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் தம்பி ஒரு பட்டியல் போட்டான். பெங்களூரிலிருந்து ஹம்பி, காரில். அவன், அவன் மனைவி, எட்டு வயது மகள். நிறுத்தங்கள்: தும்கூர் பக்கம் தட்டே இட்லி, சித்ரதுர்கா கோட்டை, ஹொஸ்பேட்டில் மதியச் சாப்பாடு. எல்லாரும் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து அவன் மனைவி எனக்குத் தனியாக ஒரு பட்டியல் அனுப்பினாள். மூன்று வருஷமாக அவள் போனில் சேர்த்து வைத்திருப்பது. "தும்கூர் தாண்டி இடது பக்கம் பங்க்: சாவி கேஷியர்கிட்ட, தாழ்ப்பாள் இருக்கு, தண்ணி வருது. ஹிரியூருக்கு முன்னாடி ஓட்டல்: சுத்தம், சாப்பிடணும்னு இல்ல, ஒரு காபி வாங்கினா போதும். க்ளீன் பண்ற அம்மாவுக்கு 20 ரூபா குடுக்கணும், அவங்களுக்கு சம்பளம் ஒழுங்கா வரல. அதுக்கப்புறம் டோல்கேட்: மூணு தடவை போனேன், மூணு தடவையும் பூட்டு."

கீழே ஒரு கேள்வி: "அந்தப் பூட்டு பத்தி எங்க சொல்றது அண்ணி?"

1033-க்கு அடி, நெடுஞ்சாலை உதவி எண், புகார் நம்பரை வாங்காமல் வைக்காதே என்று எழுதினேன். அப்புறம் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக் குடும்பக் குழுவில், தம்பி போட்டதற்குக் கீழே போட்டேன். அவன் இன்னும் பதில் சொல்லவில்லை. சித்தி மட்டும், சேலத்திலிருந்து திருப்பதி போகிற வழிக்கு இந்த மாதிரி இருக்கா என்று கேட்டிருக்கிறார்.