தேர்வு எதை அளக்கிறது?

நீட் தேர்வை 13 மொழிகளில் எழுதலாம் என்று ஒன்றிய அரசு பெருமையுடன் கூறிக்கொள்கிறது. 2021ஆம் ஆண்டில் மலையாளமும் பஞ்சாபியும் சேர்க்கப்பட்டபோது அப்பெருமை இன்னும் ஓங்கி ஒலித்தது. ஆனால் தேர்வுக்கான தகவல் கையேட்டைப் புரட்டிப் பார்த்தால் அப்பெருமையின் எல்லைக்கோடு புலப்படும். ஆங்கிலம், இந்தி, உருது வினாத்தாள்கள் நாட்டின் எல்லா மையங்களிலும் கிடைக்கும். பிற மொழி வினாத்தாள்களோ அந்தந்த மொழி வழங்கும் மாநிலங்களின் மையங்களில் மட்டுமே கிடைக்கும். தமிழ் வினாத்தாள் வேண்டுமெனில் தமிழ்நாடு, புதுச்சேரி போன்ற பகுதிகளின் மையங்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றே விதி வகுக்கப்பட்டு வந்துள்ளது.

இதன் பொருள் என்ன? மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் பிறந்து, தமிழ்வழியில் பயின்ற ஒரு தொழிலாளியின் மகள் தன் மொழியில் வினாவைப் படிக்க விரும்பினால், போடிமெட்டு இறங்கித் தமிழ்நாட்டுக்குச் செல்ல வேண்டும். சித்தூர் வட்டத்து மாணவன் கோயம்புத்தூருக்குச் செல்ல வேண்டும். திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவி களியக்காவிளையைத் தாண்ட வேண்டும். மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956ஆம் ஆண்டிலேயே அரசமைப்புச் சட்டத்தில் 350ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதி அளிக்க முயல்வது ஒவ்வொரு மாநிலத்தின் கடமை என்று அப்பிரிவு கூறுகிறது. மாநில எல்லை மொழியின் எல்லை ஆகாது என்பதை அன்றே ஏற்றுக்கொண்ட ஒரு நாடு, நுழைவுத் தேர்வின் வாயிலில் அதை மறந்துவிடுகிறது.

நீட் தேர்வையே நாம் எதிர்க்கிறோம். மாநிலங்களின் கல்வி உரிமையைப் பறித்து, பயிற்சி மையங்களின் வணிகத்தைக் கொழுக்க வைக்கும் அத்தேர்வு ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அது இருக்கும் நாள்வரை அதை எழுதப் போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே, ஒரு மொழியைக் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர், அம்மொழியிலேயே பிற பாட அறிவை நிறுவ வேண்டிய நிலை வரும்போது அவருக்கு எத்தகைய ஏற்பாடுகள் வேண்டும் என்ற வினாவை நாம் ஒதுக்கிவிட முடியாது.

2018ஆம் ஆண்டின் அனுபவத்தை நினைவுகூர்வோம். அதற்கு முந்தைய ஆண்டில் சில இந்திய மொழிகளின் வினாத்தாள்கள் ஆங்கில வினாத்தாளிலிருந்து வேறுபட்டிருந்தன. அது நீதிமன்றம்வரை சென்று, ஒரே வினாத்தாளை எல்லா மொழிகளிலும் பெயர்ப்பது என்ற நிலை ஏற்பட்டது. அவ்வாறு பெயர்க்கப்பட்ட 2018ஆம் ஆண்டுத் தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையுடையவை எனக் குற்றம் சாட்டப்பட்டது. சிறுத்தை இனத்தைச் சேர்ந்த விலங்கின் ஆங்கிலப் பெயர் ‘சீத்தா’ என்று அப்படியே அச்சாகியிருந்தது. ‘இரகம்’ என்று வரவேண்டிய சொல் ‘நகம்’ ஆகியிருந்தது. அவ்வாண்டு தமிழில் தேர்வெழுதியவர்கள் 24,000க்கும் மேற்பட்டோர். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலங்களவை உறுப்பினர் தோழர் டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வினா ஒன்றுக்கு 4 மதிப்பெண் வீதம் 196 கருணை மதிப்பெண்கள் வழங்க வேண்டும் என்று 2018 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

அவ்வழக்கில் தேர்வு நடத்தியோர் கையில் இருந்த கவசம் ஒரு விதி. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பதே அது. வினாத்தாள் இரு மொழிகளிலும் அச்சிடப்பட்டிருந்ததால் மாணவர் ஆங்கிலத்தைப் பார்த்துத் தெளிந்திருக்கலாம் என்பது அவர்கள் வாதம். கணக்கிட்டுப் பார்ப்போம். அன்று 180 வினாக்களுக்கு 180 நிமிடங்கள். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம். ஆங்கிலத்தில் தேர்வெழுதியவருக்கு அந்த நிமிடம் முழுவதும் விடைக்குரியது. தமிழில் எழுதியவரோ அதே நிமிடத்திற்குள் தமிழைப் படித்து, ஐயுற்று, ஆங்கிலத்தைப் படித்து, இரண்டையும் ஒப்பிட்டு, அதன்பின் விடையைத் தேட வேண்டும். தவறினால் 4 மதிப்பெண் கிட்டாது. அதோடு ஒரு மதிப்பெண் கழிக்கவும்படும். ஆங்கிலம் போதிய அளவு வராது என்பதால்தான் அவர் தமிழைத் தேர்ந்தார். அவரிடம் ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள் என்று கூறுவது, கால் ஊனமுற்றவரிடம் ஊன்றுகோல் முறிந்தால் ஓடிப்போ என்று கூறுவதற்கு ஒப்பாகும்.

இந்த இதழின் பெரும்பகுதி மொழிபெயர்ப்பால் உருவாவது. தீர்மானம் ஒன்றில் ஒரு சொல் பிறழ்ந்தால் கிளைக் கூட்டத்தின் விவாதமே திசை மாறிவிடும் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். எனினும் கூட்டத்தில் எழுந்து விளக்கம் கேட்கலாம். அடுத்த இதழில் திருத்தம் வெளியிடலாம். தேர்வறையில் அமர்ந்திருக்கும் பதினேழு வயதுப் பிள்ளை யாரைக் கேட்பது?

இவ்வழக்கு இன்னொன்றையும் உணர்த்துகிறது. எல்லோருக்கும் ஒரே அளவில் வழங்கப்பட்ட கருணை மதிப்பெண் மேல்முறையீட்டில் நிற்கவில்லை. எந்த மாணவருக்கு எந்த வினாவில் எவ்வளவு இழப்பு என்பதைத் தேர்வு முடிந்தபின் எவராலும் அளந்து சொல்ல இயலாது என்பது உண்மையே. ஆகவே உரிமை நிலைநாட்டப்பட வேண்டிய இடம் தேர்வுக்குப் பிந்தைய நீதிமன்றம் அன்று. தேர்வுக்கு முந்தைய திட்டமிடலே.

திட்டமிடுவோர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று.

முதலாவது, இத்தேர்வு எதை அளக்க வந்தது? ஆங்கில மொழித் திறனை அளக்கும் தேர்வில் வினாவைத் தமிழில் தருவது பொருளற்றது. ஆனால் உயிரியலை அளக்கும் தேர்வில் ஆங்கிலம் ஒரு தடை மட்டுமே. தடையை நீக்குவதால் அளவுகோல் கெடுவதில்லை. மாறாக, அப்போதுதான் அது சரியாக அளக்கத் தொடங்குகிறது. சலுகைக்கும் ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் வழங்க வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் கூறின. அதை எவரும் தகுதிக் குறைப்பு என்பதில்லை.

இரண்டாவது, மாணவர் அப்பாடத்தை எம்மொழியில் கற்றார்? வீட்டில் பேசும் மொழி எதுவோ அதில் வினாத்தாளை அச்சிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவது பெரும்பிழை. ஆங்கிலவழியில் வேதியியல் பயின்ற தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் வினாத்தாள் உதவாமல் போகலாம். எளிய வாக்கியங்களில் அமைந்த ஆங்கில வினாவும், கூடுதல் நேரமும், கலைச்சொற் பட்டியலுமே அவருக்கு உதவும். பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியிலும் அதன்பின் ஆங்கிலவழியிலும் பயின்றவருக்கு இரு மொழியும் அருகருகே வேண்டும். ஒரே மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது.

மூன்றாவது, அந்த ஏற்பாடு வகுப்பறையில் பழகியதா? ஆண்டு முழுவதும் கண்டிராத கலைச்சொற்கள் தேர்வு நாளில் தமிழ் எழுத்தில் வந்து நின்றால் அவையும் அயல்மொழியே. பாடநூல் எந்தச் சொல்லைக் கற்பித்ததோ அந்தச் சொல்லே வினாத்தாளிலும் இடம்பெற வேண்டும். அதற்கு, அப்பாடத்தை அம்மொழியில் கற்பிக்கும் ஆசிரியர்கள் மொழிபெயர்ப்பில் அமர வேண்டும். பெயர்த்ததை இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

பொதுத் தேர்வு என்றால் எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை உலக அனுபவத்தில் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன வம்சாவளி மாணவர்கள் தொடுத்த லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில், ஒரே பாடநூலையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிடுவதாலேயே சமத்துவம் வந்துவிடாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1974இல் தீர்ப்பளித்தது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்த உண்மை இது. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு, ஆங்கிலவழிப் படிப்புகளிலும் மாணவர்கள் உள்ளூர் மொழிகளில் தேர்வெழுத அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் விடைத்தாளைத் திருத்த ஆசிரியரும், படிக்கப் பாடநூலும் இன்றி அனுமதி மட்டும் தருவது, ஏரிக்கு நீர் விடாமல் மதகைத் திறப்பது போன்றது.

தாய்மொழியில் தேர்வெழுதவிட்டால் பிள்ளைகள் ஆங்கிலமோ மலையாளமோ கற்கமாட்டார்கள் என்ற அச்சம் நம் தோழர்கள் சிலரிடமும் உண்டு. நல்ல நோக்கில் எழும் அச்சமே எனினும் அது சரியன்று. சுவர் எழும்பும்வரை சாரம் கட்டுகிறோம். சாரம் இருப்பதால் சுவர் எழாமல் போவதில்லை. மொழியைக் கற்பிக்கும் பணி வகுப்பறையில் நடக்கட்டும். அது முடியும்வரை அப்பிள்ளையின் கணித அறிவையும் அறிவியல் அறிவையும் சிறையில் வைக்க வேண்டியதில்லை.

கேரளத்துக்கு இதில் தனிப் பொறுப்பு இருக்கிறது. பட்டப்படிப்புத் தகுதியுள்ள பணிகளுக்கான தேர்வுகளிலும் மலையாளத்தில் வினாத்தாள் வேண்டும் எனக் கோரி, திருவனந்தபுரம் பட்டத்தில் உள்ள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முன்பு 2019இல் நடந்த உண்ணாநிலைப் போராட்டம் ஓண நாட்களிலும் தொடர்ந்தது. தேர்வாணையம் அக்கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றது. அப்போராட்டத்தின் நியாயம் மலையாளத்தோடு முடிந்துவிடவில்லை. மலையாளிக்கு ஆங்கிலம் எதுவோ, தேவிகுளம், பீருமேடு தமிழருக்கும் காசர்கோட்டுக் கன்னடருக்கும் மலையாளம் அதுவாகிவிடக் கூடாது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதம் எழுதும் உரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் ஏற்றிருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வை இம்மொழிகளில் எழுத முடிகிறது. இம்மரபு மேல்நிலைக்கும் பணித் தேர்வுகளுக்கும் முழுமையாக நீள வேண்டும்.

இன்னொரு பிரிவினரையும் மறக்கலாகாது. பெரும்பாவூரின் ஒட்டுப்பலகை ஆலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் உழைக்கும் வங்க, ஒடிய, அசாமியத் தொழிலாளர்களின் பிள்ளைகள் இன்று கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களின் மொழியிலிருந்தே மலையாளத்துக்கு வழிநடத்தும் எர்ணாகுளம் மாவட்டத்தின் ‘ரோஷ்ணி’ திட்டம் பாராட்டுக்குரிய தொடக்கம். அந்த அக்கறை வகுப்பறையிலிருந்து தேர்வறைக்கும் வர வேண்டும். ஒரு காலத்தில் கங்காணிகளின் பின்னே மலையேறிய தமிழ்த் தொழிலாளியின் வாரிசுகளான நாம், இன்று தொடர்வண்டியில் வந்திறங்கும் வங்கத் தொழிலாளியின் பிள்ளைக்காகப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவது?

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. நீட் உள்ளிட்ட அகில இந்தியத் தேர்வுகளில், தேர்வர் விரும்பும் மொழியின் வினாத்தாள் எந்த மாநில மையத்திலும் கிடைக்க வேண்டும். மொழிபெயர்ப்புப் பிழையின் சுமையை மாணவர்மீது ஏற்றும் விதி நீக்கப்பட வேண்டும். பிழையான வினாவை மதிப்பீட்டிலிருந்து விலக்கும் நடைமுறையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இரு மொழியையும் படிக்க வேண்டியவருக்குக் கூடுதல் நேரம் வேண்டும். பள்ளிகளில் பாடவாரியாக இருமொழிக் கலைச்சொற் பட்டியல்கள் வழங்கப்பட வேண்டும். தமிழ், கன்னடவழிப் பள்ளிகளின் ஆசிரியர் பணியிடங்கள் அம்மொழி அறிந்தவர்களைக் கொண்டே நிரப்பப்பட வேண்டும்.

இவை அறிக்கையோடு நின்றுவிடக் கூடாது. தோட்டப் பகுதிகளிலும் எல்லையோர வட்டங்களிலும் உள்ள கிளைகள், அவ்வாண்டு தேர்வெழுதப்போகும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்லட்டும். எம்மொழியில் பாடம் கற்றார்கள், விண்ணப்பத்தில் எம்மொழியைக் குறித்தார்கள், ஏன் குறித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். மாணவர், ஆசிரியர் அமைப்புகளோடு அமர்ந்து அவற்றைத் தொகுக்கட்டும். அக்குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நாம் தேர்வு முகமையின் கதவைத் தட்டுவோம்.

தனக்குத் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு வாய்ப்பளிப்பதே தேர்வின் பணி. அதைச் செய்யாத தேர்வு அறிவை அளப்பதில்லை. அப்பிள்ளை எந்த வீட்டில் பிறந்தது என்பதையே அளக்கிறது.