பன்றிக்கும் ஒரு பாத்தி

தோட்டத்துத் தோழர்களே! கொல்லையில் இரண்டு பன்றி வளர்ப்பவருக்குப் பிள்ளையின் பள்ளிச் செலவே அதில்தான். தீவன மூட்டை வாங்கியே சம்பளம் கரையுது. அதற்காகச் சாப்பாட்டுக்கடை மிச்சத்தை வாளியில் தூக்கி வராதீர்கள். 2021-இல் சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்ததே, மறந்துட்டோமா? எச்சில் சோற்றில் ஒரு இறைச்சித் துண்டு போதும், பட்டியே காலி.

சர்க்கரைவள்ளிக் கொடி நடுங்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும், கிழங்கு நமக்கு. கங்கோங்கும் ஆகும், களைக்கொல்லி அடித்த வாய்க்காலில் பறித்தது வேண்டாம். மரவள்ளி இலை பச்சையாக நஞ்சு. நறுக்கிக் காயவைத்துப் போடணும். தழை மட்டும் போதாது, பன்றி மாடல்ல. தவிடும் தீவனமும் சேரணும்.

நிலம் எங்கே என்பீர்கள். லயத்துக்குப் பின்னால் லாலான் மண்டிக் கிடக்கிறதே! கிராணியைக் கேட்டால் துரையைக் காட்டுகிறார். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எழுப்புகிறோம், வந்து சேருங்கள்.