ஜீப்புக்கு அகல மட்கார்டு: அழகுக்கா, அவசியத்துக்கா?

கொல்லிமலையில் மிளகும் சிறுமலையில் வாழையும் கொள்முதல் செய்யப் போகும் வணிக நண்பர்கள் சிலர் தார், ஜிப்ஸி போன்ற ஜீப்புகள் வைத்திருக்கிறார்கள். தோட்டத்து மண்பாதையில் வேறு வண்டி ஏறாது; அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் வண்டி வந்த கையோடு அகல டயர் மாற்றி, அதற்கு மேல் ‘ஃபெண்டர் ஃபிளேர்’ என்கிற பிளாஸ்டிக் விளிம்பையும் மாட்டிக்கொள்கிறார்களே, அதைப் பற்றிச் சில வார்த்தைகள்.

இந்த விளிம்பு வீண் பொருள் அல்ல. டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சேறும் சரளையும் நம் வண்டிக் கதவில் அடிக்கும். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் மீதும் அடிக்கும். அதைத் தடுக்கத்தான் இது. கம்பெனி டயரோடு ஓடுகிற வண்டிக்கு இதை மாட்டுவது, என் கருத்தில், அரைப்படி டப்பாவுக்கு ஒரு படி மூடி.

நஷ்டம் மாட்டும் விதத்தில்தான் வருகிறது. அவசரப் பட்டறையில் தகட்டில் டிரில் போட்டு, பிசிறைக்கூட எடுக்காமல் ஸ்குரூவை முறுக்கிவிடுவார்கள். ஓட்டையின் விளிம்பில் பெயிண்ட் கிடையாது, வெறும் இரும்பு. உட்புறம் தங்கும் சேறு லேசில் காயாது. துரு அங்கேதான் பிடிக்கும், வெளியே தெரியாது. வண்டியை விற்கப் போகும் நாளில் தெரியும். பழைய வண்டி வாங்க வருகிறவரும் நம்மைப் போல வியாபாரிதானே, தட்டிப் பார்க்காமலா விலை சொல்வார்?

எனவே கூடவே நின்று வேலை வாங்குங்கள். முதலில் விளிம்பை வைத்துப் பார்த்துக் குறி போட வேண்டும். ஓட்டை போட்டதும் பிசிறு எடுத்து, பிரைமரும் பெயிண்டும் தடவி, காய்ந்த பிறகே ஸ்குரூ. துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவாகக் கேளுங்கள். விளிம்புக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் பீடிங் இல்லாவிட்டால், வண்டி ஆடும்போது பிளாஸ்டிக் உரசியே பெயிண்டைத் தின்றுவிடும். அளவுக்கு மீறி முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். முடிந்ததும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, சரக்கேற்றியும் ஒருமுறை ஓட்டி, டயர் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ஃபெண்டர் தகட்டையே வெட்டித்தான் மாட்ட வேண்டும் என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. சட்டமும் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் தந்த மூல அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மேலே மாட்டும் விளிம்பானாலும் அகல டயரானாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவித்துப் பதில் வாங்குங்கள். பட்டறையில் ‘பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்’ என்பார்கள். அந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல; பில்லை வாங்கி ஆர்.சி.யோடு சேர்த்து வையுங்கள்.