உயிர்காப்புப் பயிற்சிக்குச் செலவு யாருடையது?

ஜூலை 25-ஆம் தேதியை, நீரில் மூழ்கிச் சாவதைத் தடுக்கும் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2021-இல் அறிவித்தது. அந்த ஒரே வருஷத்தில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். தாயும் தகப்பனும் நடவுக்குப் போன நேரத்தில் குழந்தை குளத்தங்கரைக்குப் போகிறது. காண்ட்ராக்டர் மண் அள்ளிவிட்டுப் போன குழி தண்ணீருக்கடியில் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

உயிர்காப்பாளர் என்றால் நீந்தத் தெரிந்தவர் என்று மட்டும் நினைப்பது தவறு. மூழ்குகிறவன் காப்பாற்ற வந்தவனையே கட்டிப்பிடித்து அமுக்குவான். ஒருவனை மீட்கப் போய் இருவர் பிணமான சேதி நம் கிராமங்களுக்குப் புதிதல்ல. ஆகவேதான் இத்தொழிலுக்குப் பரீட்சை கடுமையாக இருக்கிறது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பயிற்சியில் சேர 15 வயது நிரம்ப வேண்டும். 7 முதல் 10 அடி ஆழத்தில் கிடக்கும் 10 பவுண்டு எடையை முங்கி எடுத்து, இரு கைகளாலும் பிடித்தபடி மல்லாந்து நீந்தி, ஏணியைத் தொடாமல் கரையேற வேண்டும். இத்தனையும் 1 நிமிஷம் 40 விநாடிக்குள்! மூச்சு நின்றவருக்கு வாயில் ஊதி, நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சான்றிதழ் 2 வருஷத்துக்குத்தான் செல்லும்.

இந்தக் கண்டிப்பை நாம் ஆதரிக்கிறோம். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் நம் பக்கத்தில் இன்னும் நடக்கின்றன. இதில் நேரம்தான் வீணாகிறது. மூச்சு நின்ற சில நிமிஷங்களிலேயே மூளை கெடத் தொடங்கிவிடும். முதலில் வேண்டியது காற்று.

ஆனால் கற்கிற செலவு யார் தலையில்? அமெரிக்காவிலேயே பல ஊர்களில் கட்டணம் வேலை தேடுகிறவர் தலையில்தான் விழுகிறது. வேலையோ பெரும்பாலும் கோடைக்கு மட்டும். 2022 கோடையில் ஆள் கிடைக்காமல் பல நகரங்களில் நீச்சல் குளங்கள் மூடிக் கிடந்தன. பிறகுதான் சில நகராட்சிகள் கட்டணத்தைத் தாமே ஏற்றன. நியூயார்க் நகரம் மணிக் கூலியை 16 டாலரிலிருந்து 19 டாலருக்கு மேல் உயர்த்தியது. கஜானாவில் பணம் இல்லாமலா இருந்தது?

நம் சர்க்கார் அப்படிக் காத்திருக்கக் கூடாது. ஊராட்சிக்கு இருவரையாவது, ஆணும் பெண்ணுமாக, சர்க்கார் செலவில் பழக்க வேண்டும். பயிற்சி நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு வாரக் கூலியை இழந்து எந்த விவசாயத் தொழிலாளி படிக்க வருவான்? படிப்புச் சான்று கேட்டு மீனவ இளைஞனை வாசலிலேயே திருப்பவும் கூடாது. அவனைத் தண்ணீரில் பரீட்சை செய்யுங்கள். தேறியவர்களைக் காண்ட்ராக்ட் கூலிகளாக வைக்காமல், நிரந்தர ஊழியர்களாக நியமியுங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டங்களில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும். மண் அள்ளிய குழிகளுக்கு வேலி போடும் கோரிக்கையையும் அதிலேயே சேர்க்க வேண்டும். ஆலைத் தொழிற்சங்கங்கள் ஷிப்டு முடிந்த நேரத்தில் முதலுதவி வகுப்பு நடத்த இப்போதே ஏற்பாடு செய்யலாம்.